வாயில் தேடிய முட்டி நோய்

1930-ஆம் வருஷம் என் தகப்பனாருக்கு முட்டி வீக்கம். ஆம்பூரிலிருந்து வேலூர் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"என்ன தொழில்?" என்று டாக்டர் கேட்டார்.

தகப்பனார் என் வெள்ளைச் சட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, "பயிர் வேலைங்க" என்றார்.

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். சொத்தைப் பல்லின் விஷம் இரத்தத்தில் கலந்து மூட்டில் இறங்குகிறது, எல்லாப் பல்லையும் பிடுங்க வேண்டும் என்றார். இந்தப் புது வைத்தியத்தைப் பத்திரிகையில் நானும் படித்து நம்பியிருந்தேன்.

குறடு கிட்டே வந்ததும் பொறுக்க முடியவில்லை. "சார், இவர் தோல் பதனிடும் ஷாப்பில் நாளெல்லாம் சுண்ணாம்புக் குழியில் நிற்கிறார்" என்றேன்.

டாக்டர் குனிந்து காலைப் பார்த்தார். வீக்கம் குழியில் நிற்பதால்தான் என்று சொல்லி, சொத்தை ஒன்றை மட்டும் எடுத்தார்.

வெளியே வந்ததும், "படிச்ச புள்ள, உன் மரியாதைய நீயே கெடுத்துக்கினியேடா" என்றார் தகப்பனார்.

"பல்லு மிஞ்சிச்சே, நைனா."

"சரி, முட்டி?"

மறுநாளும் அவர் குழியில்தான் இறங்கினார். இப்போதெல்லாம் எந்த டாக்டரிடம் போனாலும், தகப்பனாரின் வேலையை முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.