கழுத்துக்குள் தெரிந்த ரத்தக்குழாய்

அவர் நன்னிலம் பக்கத்தில் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர். நரம்புகளைத் தாக்கும் ஒரு நோயில் முதலில் கால்கள் தளர்ந்தன, பிறகு கைகள். கடைசியில் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துபோய், தஞ்சாவூரில் நான் மருத்துவராக இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. கேள்வி கேட்டால் கண்களை மூடித் திறந்து ஆமாம் என்பார்.

வாய்வழிக் குழாயோடு வென்டிலேட்டரில் நெடுநாள் வைத்திருக்க முடியாது. கழுத்தில் சிறு துளையிட்டுக் குழாய் வைக்கலாம் என்று அவர் மனைவியிடம் சொன்னேன்.

"தொண்டையில ஓட்ட போட்டா பேச்சு போயிடுங்களா டாக்டர்?"

"கொஞ்ச நாளைக்குப் பேச முடியாதும்மா. தேறினதும் குழாய எடுத்துடுவோம். தொள தானா மூடிக்கும்."

"அவங்ககிட்டயும் ஒரு வார்த்த கேட்டுடுங்க."

கேட்டேன். கண்களை மூடித் திறந்தார்.

படுக்கையிலேயே செய்வதாக ஏற்பாடு. கட்டையான, வீங்கிய கழுத்து. மூச்சுக்குழலின் வளையங்கள் விரலுக்குப் பிடிபடவில்லை. மயக்க மருந்து கொடுத்த பிறகு அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தேன். நான் ஊசி குத்த நினைத்திருந்த இடத்தில் ஒரு ரத்தக்குழாய் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அது துடிப்பது திரையில் தெரிந்தது.

"நல்லவேளை, பாத்தீங்க" என்றார் மயக்க மருத்துவர்.

கருவியை ஒரு வளையம் மேலே நகர்த்திப் பார்த்தேன். அங்கே தடை எதுவும் இல்லை. தோலில் பேனாவால் புள்ளி வைத்தேன். மயக்க மருத்துவர் வாய்க்குழாய் வழியே மெல்லிய கேமராவை உள்ளே விட்டார். ஊசிமுனை உள்ளே வருவது இன்னொரு திரையில் தெரிந்தது.

"நடுவுலதான் வருது. போங்க."

துளையை மெல்ல அகலப்படுத்திக் குழாயை வைத்தோம். ரத்தம் ஒரு துண்டுப் பஞ்சுக்குக்கூட வரவில்லை.

வெளியே மனைவி வேளாங்கண்ணி மாதாவை வேண்டியபடி நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அந்த ரத்தக் கொழாய எனக்கும் காட்டுங்க."

சேமித்திருந்த படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுத் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டார்.

கணவர் மெதுவாகத்தான் தேறினார். தானாக மூச்சுவிடத் தொடங்கியதும், பேசுவதற்கான சிறு மூடியைக் குழாயில் பொருத்தினோம். மனைவியும் நானும் குனிந்து நின்றோம். கரகரத்த குரல் வந்தது.

"ஏசியக் கொறைக்கச் சொல்லுங்க. குளுருது."

"எப்பலேருந்துங்க?" என்றார் மனைவி.

"வந்ததுலேருந்து."

வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று தினமும் கேட்டிருந்தோம். மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் செவிலியரிடம் இன்னொரு போர்வை கேட்டேன்.