தாடைக்குக் கீழே இருந்த தழும்பு

இதை எழுதுகிறவன் மாதவராஜை முதலில் பார்த்தது காரிமங்கலத்தில், அவருடைய ஸ்டுடியோவில். இவன்தான் குடும்பத்திலேயே முதல் டிகிரி. பட்டமளிப்பு அங்கியோடு ஒரு போட்டோ எடுத்து வீட்டில் மாட்டியே தீரவேண்டும் என்று அப்பா கூட்டிப்போயிருந்தார். எடுத்து முடித்த மாதவராஜ், "கறுப்பு வெள்ளையில போட்டுத் தரட்டுங்களா? நல்லா வரும்" என்று கேட்டார்.

அப்பா மகனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "பையன் நல்லாத்தானுங்க இருக்கான்" என்றார்.

மாதவராஜ் மறுபேச்சு இல்லாமல் கலரில் போட்டுக் கொடுத்தார். இந்தப் பதில் அவருக்குப் பழகிப்போனது. அந்தப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். உயிரோடு இருக்கிற யாரும் தன்னை அப்படிச் சுவரில் மாட்டிக்கொள்வதில்லை. மாட்டிய ஒரே ஆள் அவருடைய அம்மா தீர்த்தம்மாள். அதனால் மாதவராஜின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அம்மாவை அவர் எடுத்தது மாட்டுக்கொட்டகை வாசலில், உச்சி வெயிலில். நெற்றியெல்லாம் வெளிச்சம், தாடைக்குக் கீழே இருட்டு. அவருடைய கேமரா ஒரே படத்தை இரண்டாகச் சேமிக்கும்: எட்டு பிட் ஜேபெக் ஒன்று, எதையும் சுருக்காத ரா ஃபைல் ஒன்று. அவசரத்தில் ஜேபெக்கைத் திறந்து, நிறத்தை எடுத்துவிட்டு, இருட்டை மட்டும் கொஞ்சம் தூக்கினார். கன்னத்தில் வெளிச்சம் சரிவாக இறங்காமல் படிக்கட்டுபோல் உடைந்து நின்றது. தாடைக்குக் கீழே கரித்துணியை ஒட்டினாற்போல் திட்டுத் திட்டாக நின்றது. கலர் படமாக இருந்தால் மூன்று நிறமும் சேர்ந்து ஒன்றின் குறையை ஒன்று மறைத்துவிடும். கறுப்பு வெள்ளையில் மறைக்க ஆளில்லை.

ரா ஃபைலைப் பதினாறு பிட்டில் திறந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்பா மாதையன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானடா?"

"எட்டு பிட்ல கறுப்புலருந்து வெள்ளைக்கு எரநூத்தம்பத்தாறு படிதாம்ப்பா. இழுத்தா படி தெரியும். பதினாறுல அறுபத்தஞ்சாயிரம் படி. சரிவாட்டம் எறங்கும்."

"பிரிண்டும் அதுலதான் போடறியா?"

"இல்லப்பா. பிரிண்டுக்குப் போறப்ப எட்டுதான்."

"அப்பறம் என்ன மயித்துக்குடா?"

"கல்யாணச் சோத்த அண்டாவுல ஆக்கித்தானே கரண்டியில போடறோம்?"

மாதையன் யோசித்தார். "யாரு கல்யாணம்?" என்றார்.

நியாயமான கேள்விதான். போட்டோ பிடிக்கிறவனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லாமல் ஜாதகம் பல ஊர் சுற்றித் திரும்பியிருந்தது.

இருட்டு மெல்ல விலகி, தாடைக்குக் கீழே ஒரு தழும்பு மேலே வந்தது. கன்று போட்ட பசு கொம்பால் குத்தியது. பிரிண்டைக் கையில் வாங்கியதும் தீர்த்தம்மாள் அதைத்தான் பார்த்தார்.

"ஊருல ஒருத்தர் கண்ணுலயும் படாம கெடந்துச்சு. இதத்தான் பாடுபட்டு எடுத்தியா?"

திட்டினாரே தவிர, கூடத்தில் வாசலுக்கு நேராக அவரே ஆணியடித்து மாட்டினார். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் எல்லாம் அவரை வெள்ளையடித்துத்தான் கொடுத்திருந்தார்கள். "இதுல கறுப்பாத்தான் இருக்கறேன். ஆனா நானா இருக்கறேன்" என்றார். ஆகாது என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரியிடம், "நான் போனதுக்கப்பறம் வேணுன்னா கலர்ல மாட்டுங்க" என்று முடித்துக்கொண்டார்.

பிறகு பொம்மிடியிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியது. பெண் பெயர் கோகிலவாணி. போனில் பேசியபோது, "கேமரா வேலைதான? நல்ல வேலைதானுங்க" என்று சொன்ன முதல் பெண். இது கூடாவிட்டால் இனி யார் வீட்டுக்கும் ஜாதகம் அனுப்புவதில்லை என்று மாதவராஜ் முடிவு செய்திருந்தார்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணின் அப்பாவும், அவருடைய அக்கா ராணியம்மாளும் வந்தார்கள். தீர்த்தம்மாள் பின்கட்டில் காபி போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள்.

"அம்மா தவறி எத்தன வருசமாச்சுங்க?" என்று ராணியம்மாள் தணிந்த குரலில் கேட்டார்.

மாதவராஜ் வாயைத் திறப்பதற்குள் தீர்த்தம்மாள் காபித் தட்டோடு வந்து நின்றார். ராணியம்மாள் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அக்கா போனதும் தங்கச்சியவே கட்டிக்கிட்டீங்களாட்டம் இருக்குது. தப்பில்லீங்க, எங்கூர்லயும் உண்டு. ஆனா புரோக்கர் ஒரு வார்த்த சொல்லலையே. மாத்தாந்தாய் இருக்கற வூடுன்னா நாங்க ரோசிக்கோணும்."

"எனக்கு ஒண்ணுதானுங்க" என்றார் மாதையன். "அதுக்கே முழி பிதுங்குது."

பெண்ணின் அப்பா காபி டம்ளரை வாயில் வைக்காமலே கீழே வைத்தார். சம்பந்தம் வேண்டாத வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. மாதவராஜ் எழுந்து படத்தைக் கழற்றப் போனார்.

"கழட்டுனா செத்தது நெசம்னு ஆயிரும். உடு" என்றார் தீர்த்தம்மாள்.

மாதவராஜ் கையை இறக்கினார். அவருக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. "தாடைக்குக் கீழ பாருங்க" என்றார்.

ராணியம்மாள் படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் தீர்த்தம்மாளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"இது எப்படி ஆச்சு?"

"பசு குத்துனது."

"அக்காவையும் குத்துச்சா?"

"எனக்கு அக்காளே கெடையாதுங்க. பசுவும் ஒண்ணுதான்."

ராணியம்மாள் இன்னொரு முறை படத்திடம் போய்வந்தார். "எடம், வலம் எல்லாம் சரியா இருக்குது" என்று தம்பியிடம் சொன்னார். தம்பி டம்ளரை எடுத்தார்.

"ஆறியிருக்குமே, வேற கொண்டாரட்டுங்களா?" என்றார் தீர்த்தம்மாள்.

"பரவால்லீங்க" என்று சொல்லி ஒரே மடக்கில் குடித்தார்.

மாதவராஜும் கோகிலவாணியும் இப்போது காரிமங்கலத்திலேயே இருக்கிறார்கள். தீர்த்தம்மாளின் படம் அதே ஆணியில் இருக்கிறது. கல்யாண ஆல்பம் முழுக்கக் கலர். பெண் வீட்டார் அதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்கள். ஸ்டுடியோவுக்குக் கறுப்பு வெள்ளை கேட்டு வருகிறவர்கள் இன்னமும் அஞ்சலி போஸ்டருக்குத்தான் வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை மாதவராஜ் வேண்டாம் என்று சொல்லி, கேமராவில் எடுத்த ரா ஃபைல் இருந்தால் கொண்டுவரச் சொல்கிறார். இருந்தால் பதினாறு பிட்டில் செய்து தருகிறார்.