அத்தை வயலில் எரிந்த குமிழ்

எங்கள் அத்தையின் வயலிலிருந்து முதன்முதலில் நெருப்பு எடுத்துக் காட்டியவர் சித்தப்பா. பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தார். வித்தை காட்ட அவரிடம் நிறைய நேரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைச் சேற்றில் இறக்கி, பயிர் வரிசைகளுக்கு நடுவே அழுத்தி மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். காலடியில் குபுகுபுவென்று குமிழ்கள் கிளம்பின. தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் புனலைச் செருகி, தலைகீழாக வயல் தண்ணீருக்குள் பிடித்து, குமிழ்களையெல்லாம் அதற்குள் சேர்த்தார். பாட்டிலில் இருந்த தண்ணீர் இறங்கி முடிந்ததும், அதன் வாயை உள்ளங்கையால் அடைத்து நிமிர்த்தினார். தீக்குச்சியைக் கிழித்துக் கிட்டே கொண்டுபோய்க் கையை எடுத்தார். 'பப்' என்ற சத்தத்தோடு நீலமாக ஒரு தீ எழுந்து மறைந்தது.

"மந்திரம் இல்ல பாப்பா, மீத்தேன்" என்றார்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் மீத்தேன் என்பது கெட்ட வார்த்தை. எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்கு வடக்கே, வாய்க்கால் போய்ச் சேர்கிற கடைசிக் கோடியில் இருக்கிறது. டெல்டாவில் பூமிக்கடியில் எரிவாயு இருக்கிறது, குழாய் இறக்கி எடுக்கப்போகிறார்கள், எடுத்தால் நிலத்தடித் தண்ணீரும் போய்விடும், நிலமும் போய்விடும் என்று ஊர் ஊராகப் பேச்சு. யார் ஆட்சியில் கையெழுத்துப் போட்டது என்று இரண்டு கட்சிக்காரர்களும் டீக்கடையில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். திட்டி முடித்ததும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். 'எங்க மண்ணுல ஒண்ணும் கிடையாது, போங்க' என்று சர்வே ஆட்களைப் பக்கத்து ஊரில் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. தலைப்பு, பருவநிலை மாற்றத்துக்கு இயற்கைக் காரணங்களும் மனிதக் காரணங்களும். வகுப்பில் ஒன்பது பேர் களிமண்ணில் எரிமலை செய்தார்கள். நானோ ஏழாம் வகுப்பிலேயே உலகத்தை வியக்கவைத்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவள். எரிமலைகளுக்கு நடுவில் என் பாட்டில் எரிந்தது. இந்த வாயு வானத்துக்குப் போய்ப் பூமியைச் சூடாக்கும் என்று புத்தகத்தைப் பார்த்து எழுதி, முந்தின இரவு அத்தைக்கும் வாசித்துக் காட்டிய அட்டை பக்கத்தில் தொங்கியது. தலைமை விருந்தினராக வந்த தாலுகா அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"இது இயற்கையா வர்றதா, மனுஷன் செய்யறதா?"

"இயற்கைதான் சார். எங்க அத்தை வயல்ல தானாவே வருது."

"உங்க ஊருக்கு யோகம்தான் போ" என்று சிரித்தார். முதல் பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அன்று மாலை நான் நடக்கவில்லை, பறந்தேன்.

அடுத்த வாரம் ஒரு ஜீப் வந்து அத்தையின் வரப்போரம் நின்றது. இரண்டு பேர் இறங்கி, நீளமான இரும்புக் கம்பியைச் சேற்றில் இறக்கிப் பார்த்தார்கள். என்னவோ குறித்துக்கொண்டார்கள். போகும்போது ஒரு மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டி, பயிருக்கு நடுவில் நட்டுவிட்டுப் போனார்கள். அதிகாரி சொல்லித்தான் வந்தார்களா, தாமாகவே வந்தார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஊருக்கு அப்படியெல்லாம் சந்தேகம் இல்லை.

"எரிவாயு இருக்குன்னு பாட்டில்ல புடிச்சுக் குடுத்துட்டா பாரு. நாளைக்கு ஊரையே காலி பண்ணச் சொல்வான், இது டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டுப் போவும்" என்றார் டீக்கடைக்காரர், எனக்குக் கேட்கும்படியாகவே.

அது எந்த நிலம் என்று சொல்லவேண்டும். தாத்தா மிராசுதார் பண்ணையில் கூலி ஆளாக இருந்தவர். கூலிச் சண்டையிலும் நிலச் சண்டையிலும் அடிபட்டு, உச்சவரம்புச் சட்டத்தில் பிரித்த நிலத்தில் நாலு மாவுக்கு, ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கருக்கு, பட்டா வாங்கினார். மகன்களுக்குப் படிப்பு, மகளுக்கு நிலம் என்று அவரே பிரித்தும் வைத்தார். அத்தை கணவனை இழந்து திரும்பி வந்தபோது அந்த நாலு மாதான் அவளை நிற்கவைத்தது. ஊரில் பாதிப் பேருக்கு இப்படி வந்த நிலம்தான். சிவப்புத் துணி அத்தை வயலில் ஆடியது; பயம் எல்லார் வயிற்றிலும்.

அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அத்தை குறுக்கே வந்தாள்.

"எம் மருமவளை அடிச்சா துணி தானா புடுங்கிக்கிட்டுப் போயிடுமா? தள்ளு." பிறகு என் பக்கம் திரும்பி, "வாடி. எங்கெங்க மிதிச்ச, காட்டு" என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் அத்தை செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, பாட்டிலும் புனலுமாக, வயலின் ஒவ்வொரு மூலையிலும் இறங்கி மிதித்தாள். உரத்துக்காகக் கொளுஞ்சித் தழையைப் போட்டு மிதித்திருந்த பள்ளத்தில் குமிழ் கொட்டியது. தழை போடாத மேட்டு மூலையில் நாலே நாலு குமிழ். தண்ணீர் ஏறாத வரப்பில் ஒன்றும் இல்லை. பக்கத்து வயலிலும் மிதித்தாள், அங்கேயும் வந்தது. குளத்தங்கரையில் தாமரை அழுகிக்கிடந்த இடத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. சேற்றை அள்ளி மோந்து பார்த்தாள்.

நிற்கிற தண்ணீருக்கடியில் காற்றுப் புகாத சேற்றில், அழுகும் தழையைத் தின்கிற நுண்ணுயிர்கள் இந்த வாயுவை உண்டாக்குகின்றன என்று நான் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டேன். அத்தை அதை மூக்காலும் உள்ளங்காலாலும் இரண்டே நாளில் கண்டுபிடித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வரப்பை வெட்டினாள். வயல் தண்ணீர் சலசலவென்று வடிகாலுக்கு ஓடியது.

அப்பா சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தார். "அக்கா! கிறுக்கா உனக்கு? தண்ணி நாளையோட நிறுத்துறான். அடுத்த முறை எப்ப வரும்னு அந்தக் காவேரிக்கே தெரியாது!"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. புரட்டாசி மாதம். மேட்டூர்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். கடைசிக் கோடிக்கு அதுவும் மிச்சமிருந்தால்தான். பயிர் கிளைத்துத் தூர் கட்டுகிற நேரத்தில், இருக்கிற தண்ணீரை வடிய விடுகிற பைத்தியம் எங்கள் பக்கத்தில் அதற்கு முன் பிறந்ததில்லை.

"பூமிக்குள்ள ஆழத்துல கெடக்கறதுக்கு, நான் தண்ணி வச்சேனா வடிச்சேனான்னு எப்படித் தம்பி தெரியும்?" என்றாள் அத்தை. "அங்கேருந்து வந்தா, காஞ்சாலும் வரும். என் வயல்லேருந்து வந்தா, நின்னுடும். நின்னுச்சுன்னா அந்த ஜீப்புக்காரனைக் கூப்பிட்டு எழுதச் சொல்றேன்."

"நிக்கலைன்னா?"

"பயிரும் போவும், நெலமும் போவும். அப்பறம் நீதான் சோறு போடணும்."

தண்ணீர் வடிந்தது. சேறு இறுகியது. வடித்த ஐந்தாம் நாள் மயிரிழை போல வெடிப்பு விட்டது. ஆறாம் நாள் வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. ஏழாம் நாளும் வரவில்லை. மேட்டு மூலையில் பயிர் மஞ்சளாகச் சுருண்டது. டீக்கடையில், "வாயு போறதுக்கு முன்னாடி பயிர் போயிடும் போலருக்கே" என்றார்கள். அத்தை வாய்க்கால் மதகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுத் தூக்கை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்புவாள். நான் டிபன் பாக்ஸைப் பரண்மேல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தள்ளி வைத்தேன். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் வாய்க்காலில் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது.

சித்தப்பா சைக்கிளில் போய், ஜீப்பில் வந்த இருவரில் இளையவரைக் கையோடு கூட்டி வந்தார். ஊரே வரப்பில் நின்றது. வயலில் தண்ணீர் ஏறியதும் அத்தை என்னைப் பள்ளத்தில் இறக்கினாள்.

"மிதிடி. நீதான காட்டுன, நீயே முடி."

மிதித்தேன். குமிழ் வந்தது.

அத்தை பாட்டிலை அசையாமல் பிடித்தாள். ஒவ்வொரு குமிழாகச் சேர்த்து, பாட்டிலை நிமிர்த்தி, சித்தப்பாவிடம் நீட்டினாள். அவர் தீக்குச்சியைக் கிழித்துப் பாட்டிலின் வாயருகே கொண்டுபோனார். குச்சி தன்பாட்டுக்கு எரிந்தது. உள்ளே விட்டார், அப்போதும் குச்சிதான் எரிந்தது. விரலைச் சுட்டதும் கீழே போட்டார். இரண்டாவது குச்சிக்கும் அப்படியே.

"வெடிப்புக்குள்ள இருந்த வெறும் காத்துங்க" என்றாள் அத்தை, அந்த இளைஞரிடம். "எழுதிக்கங்க."

அவர் குளத்தங்கரைக்கும் போய்ச் சோதித்துவிட்டு வந்து எழுதிக்கொண்டார். "சேத்து வாயுதாம்மா இது. நாங்க தேடறது வேற" என்று சொல்லிவிட்டு, தானே வயலில் இறங்கிச் சிவப்புத் துணியைக் குச்சியோடு பிடுங்கினார். பிற்பாடு அந்தத் திட்டம் நின்றதற்கு அத்தைதான் காரணம் என்று நான் பள்ளியில் அளந்ததுண்டு. அது பொய். டெல்டா முழுக்க ஜனங்கள் சாலையில் வந்து உட்கார்ந்ததால் நின்றது. ஆனால் அன்று எங்கள் நாலு மாவிலிருந்து துணி போனதற்கு அவள் மட்டும்தான் காரணம். அந்த வருஷம் மேட்டு மூலை பதராகப் போனது. மற்றதெல்லாம் எப்போதும் போல விளைந்தது. அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும், யாரும் கேட்காமலேயே அவள் ஒரு முறை தண்ணீரை வடித்து மண்ணைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சினாள். ஜெயித்த பெருமை இன்னும் தீரவில்லை என்று நாங்கள் கேலி செய்தோம்.

அன்று அந்த இளைஞர் கிளம்பிப் போனதும் டீக்கடைக்காரர் வரப்பின்மேல் ஏறி நின்று கத்தினார்: "பூமிக்குள்ளேருந்து எதுவும் வரலப்பா! நம்ம தண்ணி, நம்ம தழை, நம்ம சேறு. எல்லாம் நாமளே உண்டாக்குறதுதான்!"

ஊர் விசிலடித்தது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வானத்துக்குப் போகிற அந்த வாயுவை நாமேதான் உண்டாக்குகிறோம் என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்ட கூட்டத்தை நான் அதற்குப் பிறகு எங்கேயும் பார்த்ததில்லை. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் நான்தான்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, பக்கத்து வயலைப் பார்த்தாள். அதற்கடுத்த வயலைப் பார்த்தாள். பச்சை முடிகிற இடம்வரை, தண்ணீர் தேங்கி நிற்கிற அத்தனை வயல்களையும் பார்த்தாள்.

"எல்லாத்துலேருந்தும்ல வந்துக்கிட்டிருக்கும்" என்றாள்.

ஜெயித்தவள் ஏன் இப்படி முகம் வாடி நிற்கிறாள் என்று, தோள்மேல் உட்கார்ந்திருந்த எனக்கு விளங்கவில்லை.