ஜெபத்துக்காக நின்ற கலவை

இதை எழுத உட்காருவேன். ஜெபத்தைக் குறை சொன்ன பாவம் வந்துவிடுமோ என்று பயந்து எழுந்து போய்விடுவேன். வருடங்கள் இப்படியே போய்விட்டன. போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பொறுக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் தாராவியில் சின்னக் காண்ட்ராக்டராக இருந்தார். எங்கள் சபையின் ஜெபக்கூடத்துக்குக் காங்கிரீட் கூரை போடும் வேலையை, நம்ம ஆள் என்று அவரிடமே கொடுத்தார்கள். கூரையைப் போட ஆரம்பித்தால் முடிக்கிறவரை கை நிற்கக் கூடாது என்பார். நின்றால் போட்டது இறுகிவிடும். பிறகு போடுவது அதோடு சரியாக ஒட்டாது.

ஜெபம் பண்ணித் தொடங்குவதாகத்தான் ஏற்பாடு. ஜெபிக்க வெளியிலிருந்து வரவேண்டிய ஊழியக்காரர் சயானில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். வெயில் ஏறுமுன் ஆகட்டும் என்று போதகரே தொடங்கச் சொல்லிவிட்டார். பாதிக் கூரை முடிந்தபோது ஊழியக்காரர் வந்து சேர்ந்தார். மிக்ஸர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, நிறுத்துங்கள் என்றார்கள்.

என் வீட்டுக்காரர் கையைக்கூடக் கழுவாமல் போதகரிடம் ஓடினார்.

"ஐயா, நீங்க ஜெபம் பண்ணுங்க, நாங்க போட்டுக்கிட்டே இருக்கோம். விட்டா இறுகிரும்."

"கர்த்தருக்காகக் கொஞ்சம் காத்திருக்கக் கூடாதாப்பா?" என்றார் போதகர், சிரித்துக்கொண்டே. கெட்ட மனதோடு சொல்லவில்லை. என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

பாட்டு, வசனம், ஜெபம், அதன்பிறகு ஊழியக்காரரின் செய்தி. மே மாத வெயில். ஆட்கள் சாந்துச் சட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணை மூடியிருக்க வேண்டிய நான் கூரைமேல் நின்ற என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து குனிந்து கலவையைத் தொட்டுப் பார்த்தார். ஆமென் சொன்னதும், மிக்ஸரில் இறுகிப்போனதை வெளியே கொட்டி, புதிதாகக் கலந்து, பழையதும் புதியதும் ஒட்டட்டும் என்று இறுகின ஓரத்தில் சிமெண்ட் பால் ஊற்றி மிச்சக் கூரையையும் போட்டு முடித்தார்.

அந்த வருட மழைக்கே ஒழுகியது. நட்டநடுவில், வேலை நின்ற அதே இடத்தில், கோடு போட்டமாதிரி. பெஞ்சுகளுக்கு இடையே பக்கெட் வைத்து ஆராதனை நடத்தினோம். சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. கமிட்டிக்காரர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "அண்ணாச்சி, உங்க சிமெண்டு விசுவாசக் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியுமோ?" என்றார். சிரித்தார்கள். அதன்பிறகு சபையில் ஒருவரும் அவருக்கு வேலை தரவில்லை. இப்போது செம்பூரில் ஒரு பில்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிறார்.

நடந்ததைச் சொல்லிவிடுங்கள் என்று வீட்டில் அழுதிருக்கிறேன்.

"ஜெபத்தாலதான் ஒழுகுதுன்னு என்னைச் சொல்லச் சொல்லுதியா?" என்றார்.

போன ஞாயிறு ஆராதனையில், கூரையை இடித்துப் புதிதாகப் போடப்போவதாக அறிவித்தார்கள். தாணேயிலிருந்து ஒருவர் வருகிறாராம். இந்தத் தடவை நாணயமான ஆள் கிடைத்திருக்கிறார் என்று ஸ்தோத்திரம் பண்ணினார்கள். நிரம்பிய பக்கெட்டை ஊற்றிவிட்டு வந்து நின்ற என் வீட்டுக்காரரும் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் என்றார்.

இடித்துவிட்டால் அந்தக் கோடும் இருக்காது. அவருக்கு இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

வாசிக்கிறவர்கள் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். போதகரைப் பொல்லாதவர் ஆக்கிவிட வேண்டாம். ஜெபத்தால் ஒழுகியது என்றும் சொல்லிவிட வேண்டாம். சிமெண்ட் குறையவில்லை. கலவை பாதியில் நின்றது.