அர்த்தநாரி அண்ணன் ஆல் இன் போன நாள்

அர்த்தநாரி அண்ணனுக்கு மோகனூர் ரோட்டில் முட்டைக் கோழிப் பண்ணை இருக்கிறது. எந்தக் கொட்டகைக் கோழியை எந்த வாரம் லாரியில் ஏற்றுவது என்பதில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. முட்டை குறைந்துவிட்டதா, அன்றைக்கே கறிக்கு வாங்கும் வியாபாரிக்குப் போன் போட்டுவிடுவார். அதே மனிதர் சீட்டைக் கையில் எடுத்தால் மட்டும் ஏன் அப்படி மாறிப்போவார் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

எங்கள் சங்கத்தில் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போக்கர் போட்டி நடத்துவோம். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்த ஜீவானந்தம் தொற்றவைத்த வியாதி இது. பணம் கிடையாது. ஆளுக்கு ஒரே அளவு பிளாஸ்டிக் காய் கொடுப்போம், காய் தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசியாக மிஞ்சும் ஒன்பது பேரின் பெயரைச் சங்கத்துப் பலகையில் எழுதுவோம், அவ்வளவுதான். அந்தப் பலகையில் ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்று அண்ணன் ஆறு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தார். வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் உள்ளே வந்ததும் அவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

ஆறு வருடமும் ஒரே கதை. நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருப்பார். வருவதையெல்லாம் ஆடாமல் கவிழ்த்துப் போடுவார். இந்த ஆட்டத்திலோ வட்டம் ஒருமுறை சுற்றிவருவதற்குள் ஒவ்வொருவரும் கட்டாயமாகக் கொஞ்சம் காய் வைத்தாக வேண்டும், அந்த அளவும் அரை மணிக்கு ஒருமுறை ஏறும். சும்மா உட்கார்ந்திருந்தாலே கரைந்துவிடும். கடைசியில் இரண்டு மூன்று காயோடு இருக்கும்போது நல்ல சீட்டு வரும், அப்போது அவரைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? எழுந்து, சாப்பிடாமல்கூட வீட்டுக்குப் போய்விடுவார். நாங்கள் சிரிப்போம். அப்படிச் சிரித்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வருடம் குடும்பத்தோடு சாப்பாடு என்று மண்டபத்தில் வைத்தோம். அவருடைய மனைவி சௌந்திரம் அக்காவும் வந்திருந்தார். பதினொன்றரை மணிக்கு டீ விட்டபோது பன்னிரண்டு பேர் மிச்சம். அண்ணனிடம் பதினாலாயிரம் காய், எல்லோரையும்விடக் குறைச்சல். டீக்குப் பிறகு ஒரு சுற்றுக்கு நாலாயிரத்து ஐந்நூறு போகும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"ஏனுங்க, மொகம் ஏன் இப்படி இருக்குது?" என்று அக்கா கேட்டார்.

அவர் சொன்னார். அக்காவுக்குச் சீட்டில் ஏஸ் எது, ராணி எது என்றுகூடத் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஒரு சுத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு தீவனம் திங்குதுங்களா?" என்றார்.

"தீவனமா?"

"ஆமாங்க. முட்டையும் இல்ல, தீவனம் மட்டும் போவுது. பண்ணையில இப்படி இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

எட்டு வருடத்துக்கு முன்னால், கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூடட்டும் என்று அண்ணன் ஒரே ஒரு தடவை கோழியை ஏற்றாமல் நிறுத்திவைத்தார். கத்திரி வெயிலில் மூன்றே நாளில் தொள்ளாயிரம் கோழி கூண்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. அண்ணனும் அக்காவும் சேர்ந்துதான் அள்ளிக் குழியில் போட்டார்கள்.

"கறி இருக்கறப்பவே ஏத்தோணுமுங்க. எளைச்சுப்போச்சுன்னா வியாபாரி மதிக்க மாட்டான்," என்றார் அக்கா.

டீக்குப் பிறகு மூன்றாவது ஆட்டம். அண்ணனுக்கு முன் முறை வந்தவர்கள் எல்லாம் கவிழ்த்துவிட்டார்கள். அண்ணன் கையில் ராஜாவும் எட்டும். ஆறு வருடமாக அவர் தூக்கிப்போட்ட சீட்டு.

"ஆல் இன்," என்று இருந்த காயையெல்லாம் நடுவில் தள்ளினார்.

மேசையே திகைத்தது. மிச்சமிருந்த இருவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தோற்றால் தங்கள் காயில் பெரும்பகுதி போய்விடும் என்று கணக்குப் போட்டுக் கவிழ்த்தார்கள். கட்டாயக் காய் அண்ணன் பக்கம் வந்தது. அடுத்த சுற்றில் ஜாக்கியும் பத்தும் வைத்துக்கொண்டு மறுபடி தள்ளினார், மறுபடி கவிழ்த்தார்கள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். இனி பத்துப் பேர். ஒரே ஒரு ஆள் போனால் பலகை. எனக்கு என் சீட்டே மறந்துபோனது.

மூன்றாவது தடவை ஏஸும் ஒன்பதும் வைத்துத் தள்ளினார். லாரி வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணன் ராஜா, ராணியோடு அதே அளவு காய் வைத்து ஒத்துக்கொண்டார். சீட்டைத் திறந்தபோது அண்ணன் கைதான் மேல். நடுவில் எல்லோருக்கும் பொதுவாகப் போடும் ஐந்து சீட்டில் நாலு விழுந்தும் அவர் கைதான் மேல். ஐந்தாவதாக ராணி விழுந்து நவநீதகிருஷ்ணனுக்கு ஜோடி சேர்ந்தது.

பத்தாவது ஆள், ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் நவநீதகிருஷ்ணனுக்குக் கை கொடுத்துவிட்டு எழுந்தார். இந்தத் தடவையும் நேராக வண்டிக்குத்தான் போவார் என்று நினைத்து நானும் பின்னாலேயே போனேன். அவர் பந்திப் பக்கம் திரும்பினார். அக்கா எழுந்து நின்றார்.

"என்னங்க ஆச்சு?"

"போயிருச்சு அம்மிணி," என்றார் அண்ணன். சிரித்தார். "ஆனா கூண்டுக்குள்ளயே சாவல. ஏத்திவுட்டுத்தான் போச்சு."

அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன் இலை முன்னால் உட்கார்ந்து, ரசத்துக்கு இன்னொரு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.