உப்புத் தூவிய ஐஸ்

வெள்ளைத் தெர்மாகோல் மீன் பெட்டியைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வரும். அப்படி ஒரு பெட்டியில்தான் என் அக்காவின் எலும்பு மஜ்ஜையைச் சென்னைக்குக் கொண்டுபோனேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். திருப்பூர், மஸ்கட் என்று அலைந்துவிட்டு, அப்போது அதிராம்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் போட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். குடவாசல் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். தஞ்சாவூரில் ஒரு மாதம் மருந்து ஏற்றியபின் ரத்தம் சுத்தமாகிவிட்டது என்றார்கள். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.டி. என்றொரு சோதனை உண்டு, அடுத்த மருந்தை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் டாக்டர். எனக்குப் புரியவில்லை. சின்ன வயதில் அறுப்பு முடிந்த வயலில் எலி வளை வெட்டி நெல் எடுத்தவள் அக்கா. அவளுக்கு உடனே புரிந்தது. “வயலு காலியாத்தான்டா தெரியும். வளைய வெட்டினாத்தானே மரக்கா மரக்காவா நெல்லு வரும்?”

இடுப்பெலும்பில் குத்தி எடுத்த மஜ்ஜை இருந்த குழாயை நர்ஸ் என் கையில் கொடுத்து, “சீக்கிரம் கொண்டுபோயிடுங்க, கெட்டுடும்” என்றார். அவ்வளவுதான். கெடாமல் வைக்க மீன்காரனுக்கா தெரியாது? குளிர் இன்னும் ஏற நொறுக்கிய ஐஸில் உப்புத் தூவி, நடுவில் குழாயைப் புதைத்து பஸ் ஏறினேன். சோதனைக்கூடத்துப் பெண் குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “உறைஞ்சுபோச்சுங்களே, செல்லெல்லாம் உடைஞ்சிருக்கும். ஐஸ்ல வைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை.

மறுபடி குத்தினார்கள். “இந்தத் தடவையும் கருவாடாக்கிடாதடா” என்று குப்புறப் படுத்தபடியே சிரித்தாள் அக்கா. ஆனால் அதற்குள் பொங்கல் விடுமுறை, அவளுக்குக் காய்ச்சல், டாக்டர் ஊரில் இல்லை என்று ஒரு மாதம் போயிருந்தது. மிச்சம் இருந்தது. மருந்தை மாற்றினார்கள். குறுவை நடவுக்கு அவள் இல்லை. அந்த மாதம் வீணாகாமல் இருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். “உறுதியாச் சொல்ல முடியாதுப்பா” என்றார்.

போன மாதம் தஞ்சாவூரில் அதே ஆஸ்பத்திரி எதிரே, ஜூஸ் கடையில் ஒருவர் தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் அதே மாதிரிக் குழாய், அதே சோதனைச் சீட்டு.

“யாருக்குங்க?”

“எம் பொண்ணுக்கு. கெட்டுடும்னாங்க.”

இத்தனை வருடம் கழித்தும் அதே ஒரு வார்த்தை. பெட்டியைப் பிடுங்கி ஐஸை ரோட்டில் கொட்டினேன்.

“திரும்பிப் போங்க. எப்படி வச்சுக்கணும், எத்தன மணி நேரத்துல சேரணும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. எழுதித் தர்ற வரைக்கும் நகராதீங்க.”

அவர் மிரண்டுபோய், “நீங்க ஆஸ்பத்திரில வேலையா சார்?” என்றார்.

“இல்லங்க, மீன் பெட்டி கட்டுறவன்.”