கியர்பாக்ஸின் மூச்சை அடைத்த கதை

என் இடது கால் அலங்காரத்துக்குத்தான். ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல் அதன் பலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் எங்கே போவதென்றாலும் யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். எங்கே என்று அவர்களுக்கு முதலிலேயே சொல்லியாக வேண்டும். முதலில் அப்பாவின் சைக்கிள், பிறகு கம்பெனி பஸ், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரரின் பைக். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் நல்லவர்களுக்கு நன்றி சொல்லிச் சொல்லியே மனுஷிக்குப் பேஜாராகிவிடுமே! அதனால்தான் ஆட்டோமேட்டிக் கியர் வைத்த பழைய ஜீப் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். நான்கு சக்கரமும் இழுக்கும். மிதிக்க கிளட்ச் கிடையாது. ஓட்ட ஒரு கால் போதும், அது என்னிடம் நன்றாகவே இருக்கிறது.

"சின்னதா ஒரு கார் வாங்கினா போதாதா? மலை ஏறற வண்டி இன்னாத்துக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"மலை ஏறத்தான்" என்றேன்.

ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் என்னோடு பத்தாவது வரை படித்தவன். அந்தக் காலத்தில் என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன், அதனால் இன்றைக்கும் என்னிடம் அவனுக்கு வாய் ஜாஸ்தி. வண்டிக்கு அடியில் நுழைந்து பார்த்துவிட்டு வந்து, போனில் எடுத்த போட்டோவைக் காட்டினான். கியர்பாக்ஸின் தலையில் சின்னதாக ஒரு மூக்கு, அதில் ஓர் ஓட்டை.

"நீ போவணும்ன்ற வழில, ஆலங்காயம் தாண்டி காட்டாறு கீது. தண்ணில எறங்கினா இது வழியாத்தான் உள்ள பூந்துடும். உள்ள இருக்கற கிளட்ச் தட்டெல்லாம் ஊறி உரிஞ்சி போய்டும்."

"கிளட்சே இல்லாத வண்டில ஏதுடா கிளட்ச் தட்டு?"

"நீ மிதிக்கத்தான் இல்ல, உள்ள அடுக்கடுக்கா இருக்கு. இந்த மூக்குல ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி பானெட் உயரத்துக்குத் தூக்கி வுடணும். ரெண்டு நாள் வண்டிய வுட்டுட்டுப் போ."

ரெண்டு நாளா! வண்டி வீட்டுக்கு வந்தே பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கொடுக்க மனசு வரவில்லை. அதோடு மண்டைக்கனம் வேறு. ஷூ கம்பெனியில் தண்ணீர் புகாத பூட்ஸுக்கு நான்தான் செக்கர். தொட்டியில் பூட்ஸை அமுக்கிப் பிடித்து, எந்தத் தையலில் கசிகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வைப்பதுதான் பதினெட்டு வருஷமாக என் பிழைப்பு. ஓட்டை வழியாகத் தண்ணீர் போகிறதென்றால் ஓட்டையை அடைக்க வேண்டியதுதானே? இதற்கு எதற்கு ஹோஸ், எதற்கு ரெண்டு நாள்?

சனிக்கிழமை மத்தியானம் சாக்கை விரித்து, மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்தேன். படுத்துக்கொண்டு வேலை செய்வதில் இரண்டு கால்காரர்களைவிட நான் ஒன்றும் கம்மியில்லை. நல்ல மெத்தென்ற ஆட்டுத்தோலில் இரண்டு துண்டு வெட்டி, சொல்யூஷன் பசை தடவி, அந்த மூக்கின் மேல் தொப்பி மாதிரி இழுத்து ஒட்டி, மெழுகு நூலால் ஏழு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். வெளியே வந்து "பாஸ்!" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை கிளம்பினோம். பக்கத்து சீட்டில் வீட்டுக்காரர், மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பின்னால் மெக்கானிக், தன்னுடைய ஓட்டை ஜீப்பில். ஹோஸ் போட்டாச்சா என்று அவன் கேட்டான். "எல்லாம் ஆச்சு, நீ வா" என்றேன்.

மலையேற்றத்தில் வண்டி நன்றாகச் சூடாகிவிட்டது. காட்டாற்றில் பாதிச் சக்கரத்துக்கு மேல் தண்ணீர். நான் கண்ணை மூடாமல் இறங்கினேன். ஐயோ, அந்த நிமிஷம்! இரண்டு பக்கமும் தண்ணீர் பீறிக்கொண்டு எழுந்தது, நான் ஓவென்று கத்தினேன், வீட்டுக்காரர் என்னைவிட ஓங்கிக் கத்தினார். அவர் பயத்தில் கத்தினார், நான் சந்தோஷத்தில். தலைகால் புரியாமல் நடு ஆற்றில் நிறுத்தி ஐந்து நிமிஷம் போட்டோ எடுத்தோம். அப்புறம் அக்கரை ஏறி நிறுத்தினேன்.

பிரியாணி டப்பாவைத் திறக்கும்போது மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, கியர் ஆயில் பார்க்கும் குச்சியை உருவினான். கண்ணாடிச் சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் சொட்டியது.

"இன்னா பண்ணே நீ?"

சொன்னேன். ஆட்டுத்தோல், சொல்யூஷன், ஏழு சுற்று நூல் எல்லாம். அவன் மண்ணில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடிப்பாவி! அது மூச்சு வுடற ஓட்டை. சூடானா காத்தை வெளிய தள்ளும், குளுந்தா உள்ள இழுக்கும். நீ சூட்டோட கொண்டாந்து தண்ணில நிறுத்திட்டே. மூக்கை வேற அடைச்சி வெச்சிருக்கே. ஆயில் சீல் சந்து வழியா தண்ணிய உறிஞ்சிக்கிச்சு. அதனாலதான் ஹோஸ் போட்டு மேல தூக்கச் சொன்னேன், காத்து மட்டும் இழுக்கட்டும்னு!"

எனக்கு மூக்குடைந்து போனது. சாயம் தடிப்பாக ஏறிய தோலைத் தினமும் கையில் எடுத்து, "இது மூச்சு விடாது, கால் வெந்துபோகும்" என்று தள்ளுகிறவளே நான்தான்.

"கியர் போய்டுச்சாடா?" என்று கேட்டேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"தெரில. ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாத."

வண்டியை லாரியில் ஏற்றினார்கள். நான் மெக்கானிக்கின் ஜீப்பில் பின்சீட்டில் உட்கார்ந்து ஊர் வந்தேன். மறுபடியும் ஒருத்தர் கூட்டிக்கொண்டு போக, நான் பின்னால். ஆலங்காயம் வருகிற வரை அழுதேன். வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார், ஆனால் பிரியாணியை மட்டும் விடவில்லை.

நாலு நாள் ஷெட்டில் கிடந்தது வண்டி. தோல் தொப்பியைப் பிய்க்க அவனுக்கு அரைமணி ஆனதாம். "ஒட்டறதுல உன்னை அடிச்சிக்க ஆளில்ல" என்றான். சீலை மாற்றினான், ஹோஸை பானெட் வரைக்கும் தூக்கிக் கட்டினான். புது ஆயில் ஊற்றுவது, சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிடுவது, வடிப்பது என்று மூன்று தடவை. முதல் தடவை ரோஸ்மில்க், இரண்டாம் தடவை கலங்கல், மூன்றாம் தடவை சிவப்பு.

"ஆனா தட்டு ஊறிடிச்சான்னு ரோட்டுல பாரம் இழுத்தாத்தான் தெரியும்" என்றான். அவன் பக்கத்தில் ஏறினான், வீட்டுக்காரர் பின்னால் ஏறினார்.

பிரேக்கை மிதித்து ரிவர்ஸில் போட்டேன். வண்டி மெல்ல ஒரு குலுங்கு குலுங்கிப் பின்னால் போனது. டிரைவில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு நொடி. அப்புறம் வண்டி ஜம்மென்று இழுத்தது. ஷெட்டைச் சுற்றி வந்து வாசலில் நிறுத்தினேன்.

"புடிக்குதுடி! பைபாஸ்ல ஒரு ரவுண்டு போ" என்றான்.

"ரெண்டு பேரும் எறங்குங்க."

"இன்னா?"

"எறங்குங்கன்றேன்."

இறங்கினார்கள். நான் வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் இரண்டு ஆண்களும் நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாணியம்பாடி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது போன் அடித்தது.

"எங்கம்மா போறே?" என்றார் வீட்டுக்காரர்.

"தெரிலங்க" என்றேன். அப்படி ஒரு பதிலை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன்.